சயாமில் மரக்கறி போஜனம்

பாங்காக் நகரத்துச் சீலோம் வீதியில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலைத் தரிசித்துவிட்டு, அருகே ஒரு சந்தில் நாலே மேஜை கொண்ட சிறு போஜனசாலையுள் நுழைந்தோம். 1939-இல் தாய்லாந்து என்று பெயர் பூண்ட இத்தேசத்தில் மரக்கறி உண்போருக்குப் பெருஞ் சங்கடம் 'நாம் பிளா' என்னும் மீன்சாறுதான். நாம் உப்பிடும் இடத்திலெல்லாம் அவர்கள் அதை ஊற்றுகிறார்கள்; வெறுங் காய்கறி கேட்டாலும் தப்ப முடியாது. 'ஜே' என்ற ஒற்றைச் சொல்லே அங்கு நம் விரதத்தைக் காப்பது. அதைக் கேட்டதும் கடைக்கார அம்மாள் வேறு சட்டியை அடுப்பிலேற்றினார். ஜே உணவில் வெங்காயமும் பூண்டுங்கூட விலக்கு. நம் வைதிகர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்!

தேங்காய்ப்பால் குழம்பு வந்தது. அதில் மிதந்ததோ, நம் களமருதூரில் இருமல் கஷாயத்துக்கென்று வாங்கும் பேரரத்தை! கறிவேப்பிலையின் ஸ்தானத்தில் ஒருவகை எலுமிச்சை இலை. மிளகாய் இரு நாட்டாருக்குமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சரக்கு. ஆயினும் காரத்தில் நம்மவரை அவர்கள் வென்றுவிட்டார்கள் என்பதைக் கண்ணீரோடு தெரிவித்துக்கொள்கிறோம். கரண்டியும் முள்ளும் வைத்திருந்தார்கள். நாம் கையால் பிசைந்து உண்டோம். அம்மாள் முதலில் நகைத்தார். பின்னர் ஒரு கிண்ணத்தில் நீர் கொணர்ந்து நம்முன் வைத்தார்.