ரப்பர் மூடியில் நின்ற ஊசி

"டாக்டரய்யா மேல கேஸ் போட வரல சார். எனக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு யாராவது சொன்னாப் போதும்." என் கட்சிக்காரர் முதலில் சொன்னது இதுதான். டெல்டாவில் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர். மூட்டுவலிக்கு ஊர் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டார். வலி நின்றது. ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் கட்டி. கீறிவிட்டார்கள், ஆறுவது போல் ஆறி, பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பியது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீழை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. காசநோய்க் கிருமியின் குடும்பம்தான், ஆனால் காசநோய் அல்ல. தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்கிற கிருமி. சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது, வழக்கமான டிபி மாத்திரைக்கும் பெரும்பாலும் மசியாது. மாதக்கணக்கில் கிளாரித்ரோமைசின் சாப்பிட வேண்டியிருந்தது. உட்கார முடியவில்லை, குனிய முடியவில்லை. ஒரு நடவுப் பருவமே கைவிட்டுப் போயிற்று.

அவருடைய மகன் போலீசுக்குப் போகத் துடித்தான். வேண்டாம் என்றேன். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். இந்த டாக்டர் நடுராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். காசில்லாதவரிடம் கேட்கமாட்டார். கைராசிக்காரர் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பேர். அதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், அவருடைய கிளினிக்கில் ஊசி போடும் அறை பாதுகாப்பானதா என்று ஊரில் யாரும் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டிய அரசும் கேட்கவில்லை. தனியார் மருத்துவ நிலையங்களை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-லேயே நிறைவேறியது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல். எங்கள் வழக்கு அந்த இடைவெளியில் நடந்தது.

கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே சாந்தா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் புகார் தாக்கல் செய்தபோதே, அட்வகேட் கமிஷனர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு மனுவும் சேர்த்துப் போட்டேன். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போவதற்கு முன்பே உத்தரவு கிடைத்தது.

கமிஷனர் அறிக்கையை இப்போதும் வைத்திருக்கிறேன். ஊசி போடும் மேசையில் எவர்சில்வர் ட்ரே. அதில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தின் 30 மில்லி குப்பி, பத்துப் பேருக்குப் போடலாம். அதன் ரப்பர் மூடியில் ஒரு ஊசி குத்தியபடியே நின்றது. ஒவ்வொருவருக்கும் புது சிரிஞ்சுதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் புது சிரிஞ்சை மூடியில் நிற்கும் ஊசியில் பொருத்தி மருந்தை இழுப்பார்கள். பிறகு புது ஊசி மாட்டிப் போடுவார்கள். மூடியில் நிற்கும் ஊசியின் வாய் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். குப்பியைத் திறந்த தேதியை எங்கும் எழுதவில்லை. எழுதி வைத்து 28 நாளுக்குள் தீர்க்க வேண்டும், இல்லையேல் தூக்கிப்போட வேண்டும் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி). பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் காலையிலேயே ஸ்பிரிட்டில் ஊறப்போட்ட பஞ்சு. ஊசி போடும் பெண் நர்சிங் படித்தவர் அல்ல, டாக்டரிடமே பழகியவர். கமிஷனர் கேட்டதும் எல்லாவற்றையும் தயங்காமல் செய்து காட்டினார். மறைக்க வேண்டியது ஏதோ இருப்பதாகவே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அறிக்கையில் என்னை உலுக்கியது அதுதான்.

அந்த 30 மில்லி குப்பியை 2015-ல் மத்திய அரசு தடை செய்தது. அந்த மருந்தை மாட்டுக்குப் போட, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் அழிந்துகொண்டிருந்ததே காரணம். 2017-ல் சென்னை உயர் நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. கழுகுக்காக வந்த தடை என் கட்சிக்காரர் போன்றவர்களுக்கும் நல்லது செய்திருக்கும் என்று நம்புகிறேன்.

விசாரணையில், நிபுணர் சாட்சி எங்கே என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். எல்லா வழக்கிலும் அது கட்டாயமில்லை என்ற 2010-ம் ஆண்டு கிஷன் ராவ் தீர்ப்பைக் காட்டினேன். அதே தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு இப்படியே கட்டி வந்திருந்தது. ஒருவர் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். இன்னொரு அம்மா, "எம்புள்ளையப் பொழைக்க வெச்சவரு சார் அவரு. நான் வரமாட்டேன்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஒரு வாக்குமூலமும் கமிஷனர் அறிக்கையும் கல்ச்சர் ரிப்போர்ட்டும் போதுமானதாக இருந்தன.

சேவைக் குறைபாடு என்று மன்றம் தீர்த்தது. டாக்டர் மேல்முறையீடு செய்யவில்லை; மருத்துவச் செலவையும் மன உளைச்சலுக்கான தொகையையும் கெடுவுக்குள் கட்டினார். இழந்த கூலியை மட்டும் ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டார்கள். நடவுக் கூலிக்கு யார் ரசீது எழுதித் தருகிறார்கள்? மாநில ஆணையத்துக்குப் போகலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அடுத்த நடவு தொடங்கியிருந்தது. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு அலைய அவர் சம்மதிக்கவில்லை.