எரரைப் படிக்கும் இருவர்

ஏற்கெனவே பதிவான மின்னஞ்சலோடு இன்னொருவர் கணக்குத் திறக்க வந்தால், போஸ்ட்கிரெஸ் 23505 என்று சொல்லித் தடுத்துவிடும். எந்த கன்ஸ்ட்ரெய்ன்ட் மீறப்பட்டது என்பதையும் கூடவே தரும். சர்வர் எழுதுபவருக்கு இதற்கு மேல் துல்லியம் வேண்டியதில்லை. ஆனால் அப்படியே மொபைல் ஆப்புக்குத் தள்ளிவிட்டால் நம் டேபிள் பெயர் ஊருக்கெல்லாம் தெரியுமே தவிர, அடுத்து என்ன செய்வதென்று ஆப் எழுதுபவருக்குத் தெரியாது. அதற்குப் பயந்து எல்லாவற்றுக்கும் 500 போட்டு மழுப்புகிறவர்களும் உண்டு. 200 கொடுத்துவிட்டு உள்ளே 'சக்சஸ்: ஃபால்ஸ்' என்று வைப்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒவ்வொரு எரரையும் இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருவர் ஏபிஐயை அழைத்தவர். மறுபடி முயல்வதா, பயனரைக் கேட்பதா, விட்டுவிடுவதா என்று அவருடைய நிரல் முடிவெடுக்க வேண்டும். இன்னொருவர் நடுராத்திரியில் லாகைத் திறக்கும் நம் ஆள். சொந்தமாக எரர் டைப் எழுதுவதே இந்த இருவருக்கும் வேண்டியதைத் தனித்தனியாகக் கொடுக்கத்தான்.

நான் எழுதுவது கோ மொழியில். டேட்டாபேஸைத் தொடும் அடுக்கு 23505-ஐப் பார்த்ததும் அதை 'மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது' என்ற நம் எரராக மாற்றி, மூல எரரை அதற்குள் பொதிந்து மேலே அனுப்பும். 2019-இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து, எத்தனை சுற்றுப் பொதிந்திருந்தாலும் எரர்ஸ்.ஆஸ் தோண்டி எடுத்துவிடும். 409 என்ற ஹெச்டிடிபி எண்ணையும் டைப்புக்குள்ளேயே வைக்கச் சொல்வார்கள், நான் வைப்பதில்லை. அதே ஃபங்ஷனை நாளை கியூவில் ஓடும் வொர்க்கரும் கூப்பிடும். அதற்கு 409 எதற்கு? எண் போடுவது வாசலில், ஒரே இடத்தில். அங்கே அடையாளம் தெரியாத எதுவும் 500. முழுக் காரணம் லாகுக்கு, வெளியே ரிக்வெஸ்ட் ஐடி மட்டும்.

நோட்.ஜேஎஸ்ஸின் எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க்கில் இந்த வாசலுக்கு ஒரு விசித்திரம் உண்டு. நான்கு ஆர்குமென்ட் இருப்பதை வைத்துத்தான் அது எரர் ஹேண்ட்லரை அடையாளம் காண்கிறது. பயன்படவில்லையே என்று லின்டர் முணுமுணுப்பதைக் கேட்டு கடைசி 'நெக்ஸ்ட்'டை அழித்தால், அது சாதாரண மிடில்வேராகிவிடும். எரர் அந்தப் பக்கமே வராது.

யார் கணக்கு வைத்திருக்கிறார் என்பதே ரகசியமான சேவைகளில் அந்த 409-ஐயும் காட்டக் கூடாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'மின்னஞ்சலைப் பாருங்கள்' என்ற ஒரே பதில். லாகில் மட்டும் உண்மை இருக்கட்டும்.

எரர் பதிலின் வடிவத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2016-இல் ஆர்எஃப்சி 7807 அதை வகுத்தது. 2023-இல் அதன் இடத்துக்கு 9457 வந்தது. டைப், டைட்டில், ஸ்டேட்டஸ், டீட்டெய்ல், இன்ஸ்டன்ஸ் என்று ஐந்து புலங்கள். நிரல் பார்க்க வேண்டியது டைப்பை. டீட்டெய்ல் மனிதர் படிப்பதற்கு. அந்த வாக்கியத்தை ஒப்பிட்டு யாராவது இஃப் எழுதியிருந்தால், நாம் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திய அன்றே அவர் ஆப் படுத்துவிடும். ஆகவே ஆவணத்தில் நான் கொடுப்பது டைப் பட்டியலைத்தான். தேவைப்பட்டால் சொந்தப் புலங்களையும் சேர்த்துக்கொள்ள 9457 இடம் தருகிறது. படிவத்தில் மூன்று கட்டங்கள் தவறென்றால் மூன்றையும், எந்தக் கட்டம் என்ற சுட்டியோடு, ஒரே 422-இல் சொல்லிவிடலாம். பயனர் ஒவ்வொன்றாகத் திருத்தித் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்காது.