ஒரு மார்கழி வாரமும் என் கோபங்களும்



ஒரு வாரமாக டீச்சரைக் காணவில்லையே, காலை வணக்கம்கூடப் போடவில்லையே என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மார்கழி மாதம், அவ்வளவுதான். ஓய்வு பெற்று குரோம்பேட்டையில் மகன் வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்கு வீட்டில் கால் தங்காது.

ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. இன்றைக்கு மயிலாப்பூர், தியாகராய நகர் பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு சபா. மத்தியானக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். வளர்ந்து வரும் பிள்ளைகள் பாடுவார்கள். சாயங்காலத்துக்கு டிக்கெட். என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு மத்தியானம்தான் சௌகரியம். காலையில் வீட்டு வேலை, வெளி வேலைகளை முடித்துவிட்டு மின்சார ரயிலைப் பிடித்தால் போதும்.

போன வாரம் என்னவோ தொட்டதெல்லாம் சண்டையில் முடிந்தது.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். டோக்கன் எண் காட்டும் திரை வேலை செய்யவில்லை. ஒரு பெண் வாயால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் எண் 42. உட்கார்ந்தே இருக்கிறேன், 47 போய்க்கொண்டிருக்கிறது. கேட்டால், "ரெண்டு தடவ கூப்பிட்டேனேம்மா" என்கிறாள். "எங்கம்மா கூப்பிட்ட? வாய்க்குள்ளயே பேசினா யாருக்குக் கேக்கும்?" என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டேன்.

அதனால் நேரமாகிவிட்டது. மாம்பலத்தில் இறங்கி, பேருந்துக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தேன். மெட்ரோ ரயில் வேலைக்காக லஸ் பக்கம் சாலையெல்லாம் மாற்றிவிட்டிருக்கிறார்கள், சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இறங்கும்போது 120 ரூபாய் கொடுத்தேன். "நூத்தெழுபதுன்னு சொன்னேம்மா" என்றார். "நூத்திருபதுன்னு சொல்லி ஏத்திட்டு இப்ப மாத்திப் பேசுறியா?" என்று சபா வாசலிலேயே வாக்குவாதம். கடைசியில் 170 கொடுத்தேன். உள்ளே போய் உட்கார்ந்தும் அரை மணி நேரம் பாட்டில் மனசு ஒட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை தையல்கடை. பொங்கலுக்கு மருமகளுக்கும் எனக்கும் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். "நாளைக்கு வாங்கன்னு சொன்னியே?" என்றால், "நாளன்னிக்குன்னுதானே டீச்சர் சொன்னேன்" என்கிறார். வார்த்தை தவறுகிறவர்களைப் பற்றி அவருக்கு ஒரு பாடமே நடத்திவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானக் கச்சேரியில் ஓர் இளம் பாடகி. நல்ல குரல், ஆனால் சாகித்தியம் ஒரு வார்த்தை புரியவில்லை. கச்சேரி முடிந்து கேண்டீனில் காபி குடிக்கும்போது பக்கத்திலிருந்தவரிடம், "இந்தக் காலத்துப் பிள்ளைங்க சொல்ல முழுங்கிடறாங்க" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். "எனக்கு நல்லாக் கேட்டுதே" என்றார்.

புதன்கிழமை ரேஷன் கடை. அங்கே என் கைரேகை விழவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. முப்பத்திரண்டு வருஷம் சாக்பீஸ் பிடித்ததில் ரேகை தேய்ந்துவிட்டதோ என்னவோ! கடைசியில் கருவிழியைக் காட்டித்தான் பருப்பு வாங்கினேன். இது ஒன்றில்தான் நான் யாரோடும் சண்டை போடவில்லை.

அன்று மாலைக் கச்சேரியில் பக்கத்து இருக்கை அம்மாள் என் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். சபாவில் பக்கத்திலிருப்பவர் கேட்பது ஒன்றே ஒன்றுதானே! "தோடி" என்றேன். அவர் திகைத்துப்போய் என் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். மணி கேட்டிருக்கிறார்.

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் உள்ளே சுருக்கென்று ஒன்று தைத்தது.

வியாழக்கிழமை பேத்திக்கு அரையாண்டு விடுமுறை என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். எட்டு வயது. கச்சேரி தொடங்குவதற்கு முன், பாடகருக்குப் பின்னால் ஒரு பெண் தம்புராவை மீட்டிக்கொண்டிருந்தாள். பேத்தி என் காதோடு வாய் வைத்து, "பாட்டி, அது காதுக்குள்ள வண்டு சுத்துற மாதிரியே இருக்கு" என்றாள். நான் மேடையைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் விரல் கம்பியில் போய்ப் போய் வருகிறது. எனக்கு ஏதோ அடியில் ஒரு முனகல் மட்டும் கேட்கிறது. வண்டு இல்லை. "இப்பல்லாம் யாரும் தம்புராவ ஒழுங்கா சேர்க்கறதே இல்ல" என்று இரண்டு வருஷமாக வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தம்புரா சரியாகத்தான் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை கச்சேரிக்குப் போகவில்லை. வீட்டுக்கு அருகிலேயே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு வரைபடத்தைக் காட்டினார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. 1000 ஹெர்ட்ஸ் வரை இரண்டும் ஓரளவு மேலேயே போகின்றன. அதற்கப்புறம் மாடிப்படி மாதிரி இறங்குகின்றன. 4000 ஹெர்ட்ஸில் 55 டெசிபல்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வயதானால் மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகுமாம். உயிர் எழுத்துகளின் ஒலி கனமானது, அது கேட்டுவிடும். க, ச, த, ப போன்ற மெய்களின் ஒலி மெல்லியது, அதுதான் நழுவும். அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. கூட்டத்தில், இரைச்சலில் இன்னும் மோசம். "பேசறவங்க முழுங்கறாங்கன்னுதான் எல்லாருமே முதல்ல சொல்வாங்கம்மா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வங்கிப் பெண்ணும், ஆட்டோக்காரரும், தையல்காரரும், அந்தப் பாடகியும் வரிசையாக முன்னால் வந்து நின்றார்கள்.

இதற்காக மட்டும் இவ்வளவு நீளமாக எழுத உட்காரவில்லை பிள்ளைகளே. அடுத்த பரிசோதனையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அங்கிருந்த பெண் சொற்களைச் சொல்வாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நம்முடைய சொல்வதை எழுதுதல் மாதிரிதான். அவள் வாய் அசைவைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்துவிட்டு ஓர் அட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஊகித்து ஊகித்துச் சொல்கிறேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தாளில் குறிக்கிறாள். தப்பென்று தெரிகிறது, எது தப்பென்று தெரியவில்லை. உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அப்போது அவன் ஞாபகம் வந்தது.

1993-94 கல்வி ஆண்டு. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளி, நான்காம் வகுப்பு. பெயர் எழுதவில்லை. கடைசி வரிசையில் உட்காருவான். சொல்வதை எழுதச் சொன்னால் 'கட்டம்' என்பதைப் 'பட்டம்' என்று எழுதுவான். கேள்வி கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். "என்னடா வாயப் பார்த்துக்கிட்டு நிக்கிற?" என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். தேர்ச்சி அறிக்கையில் 'கவனம் போதாது' என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவர் பள்ளிக்கு வந்தபோதுதான் தெரிந்தது, இரண்டு காதிலும் சீழ். அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால், "ஆத்துத் தண்ணி போயிருக்கும்னு எண்ணெய காய்ச்சி ஊத்துனோம் டீச்சர்" என்று அழுதது. மருந்து கொடுத்தார்கள். நான் அவனை முதல் வரிசைக்கு மாற்றினேன். ஆண்டுத் தேர்வில் நன்றாகவே எழுதினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

அவனிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது அப்போது வழக்கமில்லை. அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, என் வாயைப் பார்த்துத்தான் பாடம் படித்திருக்கிறான் என்பது எனக்கு அந்த அட்டைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. நான் பத்து நிமிஷம் பட்டதை அவன் எத்தனை மாதம் பட்டான்? அதுவும் அடியோடு, திட்டோடு.

என் மாணவர்களில் பதினாறு பேர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப "என்ன டீச்சர்?" என்று கேட்டால், உங்கள் முகத்தையே உற்றுப் பார்த்தால், முதலில் அதன் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையில் எழுதுவதை அப்புறம் எழுதலாம்.

உறவினர்களுக்கும் ஒரு விண்ணப்பம். என்னோடு கத்திப் பேச வேண்டாம். முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் போதும். திருவாரூர் அத்தாச்சி, போன மாதம் நீங்கள் போனில் பேத்திக்கு அம்மை போட்டிருக்கு என்றீர்கள். நான் கம்மல் என்று நினைத்துக்கொண்டு "ரொம்ப சந்தோஷம்" என்றேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். காரணம் இதுதான். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

காதுக் கருவி பொங்கலுக்குப் பிறகு வருகிறது. விலையைக் கேட்டு நெஞ்சு அடைத்தது, ஆனாலும் வாங்கத்தான் போகிறேன். சனிக்கிழமை காலை தையல்காரரிடம் போய், "தப்பு என் மேலதான்ப்பா" என்று சொல்லிவிட்டு ரவிக்கையை வாங்கி வந்தேன். வங்கிப் பெண்ணை அடுத்த வாரம் பார்க்க வேண்டும். ஆட்டோக்காரரை எங்கே தேடுவது?

தம்பி, நீயும் எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பாய். இதைப் படித்தால் உன்னைத்தான் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். உன்னைத் திட்டியதும், பெஞ்சு மேல் ஏற்றியதும் என் தவறு. டீச்சரை மன்னித்துக்கொள். முடிந்தால் இங்கே இரண்டு வரி எழுது, இல்லை வீட்டுக்கு வா. போன் மட்டும் செய்யாதே. போனில் எனக்குச் சரியாகக் கேட்காது.

எல்லோருக்கும் என் ஆசிகள்.