பேர் தெரியாத தொண்டருக்கு ஒரு மாலை

 

திருவிழா முடிஞ்சதும் உபயக்காரங்களுக்கு மாலை போட்டு மரியாதை செய்யறோம். அது முறைதான். ஆனா அன்னதான அண்டாவைக் கழுவினவங்க, ராத்திரி ரெண்டு மணிக்குக் குப்பை அள்ளினவங்க பேரை மைக்கில் வாசிக்கறதில்லை. அவங்களும் எதிர்பார்க்கறதில்லை.

அப்படிப்பட்ட ஒரு தொண்டரைப் பற்றித்தான் இன்னிக்கு எழுதறோம். அவர் தொண்டு செஞ்ச இடம் கோயில் இல்லை, கம்ப்யூட்டர். பேர் உமர் தம்பி. தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்துக்காரர், 1953-ல் பிறந்தவர். துபாயில் வேலை பார்த்தவர்.

இன்னிக்கு போனைத் திறந்தா தமிழ் வருது. 20, 25 வருஷத்துக்கு முன்னாடி அப்படி இல்லை. ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அதை இறக்கி கம்ப்யூட்டர்ல ஏத்தணும். இல்லைன்னா பூச்சி பூச்சியாத்தான் தெரியும். எங்களில் பலர் பேக்டரியில் வேலை செய்யறவங்க, அதனால இப்படிச் சொன்னா எங்களுக்குப் புரியும்: பத்து மெஷினுக்குப் பத்து அளவு நட்டு, ஒண்ணோட ஸ்பேனர் இன்னொண்ணுக்குச் சேராது.

ஈப்போவில் சைபர் கபேக்குப் போய் உட்கார்ந்தா, கடைக்காரர் கம்ப்யூட்டர்ல நாம எதையும் ஏத்த முடியாது. அப்போ தமிழ் படிக்கறது எப்படி? அதுக்கு வழி செஞ்சவங்கள்ல உமர் தம்பி ஒருத்தர். ‘தேனீ’ன்னு ஒரு எழுத்துரு செஞ்சார். பக்கத்தைத் திறந்தா எழுத்தும் தானாகவே கூட வந்திடும், படிக்கறவங்க ஒண்ணும் ஏத்த வேண்டாம். பிறகு எல்லாத்துக்கும் பொதுவான யூனிகோட் முறைக்கும் தமிழர்கள் மாற உழைச்சார். அதுக்கான கருவிகளைச் செஞ்சு இலவசமாவே கொடுத்தார். இணையத்தில் தமிழர்கள் கூடற குழுக்கள்ல யாராவது “எழுத்து வரலையே” ன்னு கேட்டா, பொறுமையாப் பதில் சொல்லிக் கொடுத்தார்.

2006 ஜூலை 12-ல் காலமானார். வயசு 53. நாலு வருஷம் கழிச்சு, 2010-ல் கோயம்புத்தூர்ல நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் தமிழ் இணைய அரங்குக்கு அவர் பேரை வெச்சாங்க. மாலை வந்து சேர்ந்தது, வாங்கிக்க ஆள் இல்லை.

அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. நம்ம மலேசியாவின் முத்து நெடுமாறன் ஐயா உருவாக்கிய முரசு அஞ்சலும் செல்லினமும் நமக்கெல்லாம் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கின மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாம பழைய நூல்களைத் தட்டச்சு செஞ்சு ஏத்தினாங்க. இன்னிக்கு திருவாசகமும் தேவாரமும் போன்ல படிக்கறோம்னா, அந்தக் கைகளுக்கும் நன்றி சொல்லணும்.

கோயில் பக்கத்தில் ஒரு முஸ்லிம் அன்பரைப் பற்றி ஏன்னு சிலர் கேட்கலாம். தொண்டு எங்கிருந்து வந்தாலும் தொண்டுதான். நாம வாட்சாப்பில் அனுப்பற அம்மன் பாட்டும் பூசை நேரமும் அவர் மாதிரி ஆட்கள் போட்ட பாதையிலதான் வருது.

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். பேராக்கில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிக்குது. சனங்க ஈப்போ, சுங்கை சிப்புட்னு பிரிஞ்சு போயிட்டாங்க. தோட்டத்து மாரியம்மனை யார் கொண்டு வந்து வெச்சது, முதல் கரகம் தூக்கினது யாரு, எந்த மரத்தடியில் கல்லை நட்டாங்க - இதெல்லாம் எழுத்தில் இல்லை, பெரியவங்க நெஞ்சுலதான் இருக்கு. ஒருத்தர் போனா ஒரு கோயில் கதையும் கூடவே போகுது.

இளைஞர்களே, தமிழ் எழுத்து உங்க கையில் சும்மா கிடைச்சிருக்கு. ஆனா நம்ம குரூப்பில் பாதிப் பேர் “வணக்கம்” கூட ஆங்கில எழுத்தில் போடறாங்க. வர்ற ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்துக்கு வாங்க. பாட்டி தாத்தா பக்கத்தில் உட்காருங்க. அவங்க சொல்லச் சொல்ல, தமிழ்லயே தட்டுங்க. பிழை வந்தா திருத்திக்கலாம், நாங்க கூட இருக்கோம். காபி, வடை உண்டு.

தாயின் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.