மிளகாய்க்காசும் ஒடியற்கூழும்

கிளிநொச்சி ஆட்களுக்கு ரவுண் என்றால் யாழ்ப்பாணம்தான். எங்கள் ஊரிலும் கடைத்தெரு இருந்தது, ஆசுபத்திரி இருந்தது, ரயில் நின்று போனது. ஆனாலும் கூறைச்சேலை, தோடு, மூக்குக்கண்ணாடி, பள்ளிக்கூடச் சப்பாத்து என்று எதைக் கேட்டாலும், "ரவுணுக்குப் போகேக்கை பாப்பம்" என்பதுதான் அம்மாவின் பதில். இரணைமடுத் தண்ணீரை நம்பிக் குடாநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கிய சனம் நாங்கள். உருத்திரபுரத்தில் நெல் விளைந்தாலும் கலியாணமும் செத்தவீடும் நேர்த்தியும் குடாநாட்டில்தான். 1984 வரை கிளிநொச்சி தனி மாவட்டமும் இல்லை. காணி அலுவலுக்கும் யாழ்ப்பாணக் கச்சேரியின் படிதான் ஏறவேண்டும். அதை வரலாற்று நகரம் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. போய்ச் சாமான் வாங்கி, சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்புகிற இடம், அவ்வளவுதான்.

போவதற்குக் காசு வேண்டும். அதைத் தந்தது மிளகாய். 1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. வெளிநாட்டுச் செத்தல்மிளகாயும் வெங்காயமும் வருவது நின்றதும் இரண்டுக்கும் விலை ஏறியது. படித்துவிட்டு வேலை கிடைக்காத பெடியள்கூட வன்னிக்கு வந்து கொட்டில் போட்டு மிளகாய் நட்டார்கள். அதே ஆண்டுகளில்தான் பாணுக்கு விடியமுன் வரிசை நின்றதும், ஓரளவுக்கு மேல் அரிசி கொண்டுபோனால் வழியில் மறித்துப் பறித்ததும். கொழும்பில் அந்தக் காலத்தைத் திட்டாதவர் இல்லை. எங்கள் மேட்டுக்காணியில் அது பொற்காலம்.

கடைசி ஆய்வும் முடிந்து, மூட்டைகள் லொறியில் ஏறி, காசு அப்பாவின் கைக்கு வர நல்லூர்த் திருவிழாவும் முடிந்திருக்கும். இருபத்தைந்து நாளும் வீட்டில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. விரதம் கழிந்த கையோடு ஒருநாள், "நாளைக்கு ரவுணுக்கு" என்பார் அப்பா. அன்றிரவு அப்பாச்சி நித்திரை கொள்ளமாட்டா. எங்கள் வயலின் மொட்டைக்கறுப்பன் அரிசியைத் தலையணை உறைக்குள் கொட்டித் தைத்து, மேலே பழஞ்சேலை சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறுவா. யாராவது கேட்டால் கிழவிக்குத் தலையணை வேண்டுமாம்.

கொழும்பிலிருந்து இரவு முழுக்க ஓடிவந்த மெயில் வண்டி கிளிநொச்சிக்கு வரும்போது விடிகிற நேரம். பெட்டிக்குள் அரைநித்திரையில் இருக்கும் உத்தியோகத்தர்கள் எங்கள் பைகளைப் பார்த்துக் கால்களை மடக்கி இடம் விடுவார்கள். பரந்தன் தாண்டும்போது இரசாயனத் தொழிற்சாலையின் மணம் மூக்கில் ஏறும். கொஞ்சம் போனால் ஆனையிறவு. இரண்டு பக்கமும் கடல்நீரேரி, வரம்பு கட்டிய உப்பளங்கள், குவித்துக் கிடக்கும் உப்பு. இந்த உப்புத்தான் அந்தத் தொழிற்சாலைக்குப் போய் எரிசோடாவாகிறது என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். பிறகு பளை, மிருசுவில், கொடிகாமம், சாவகச்சேரி. காடும் வெளியும் போய்ப் பனையும் வேலியும் வரும். நாவற்குழி தாண்டினால் அம்மா எங்கள் தலையை ஒருமுறை இழுத்து வாரிவிடுவா.

நிலையத்து வாசலில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்கள் வரிசையில் நிற்கும். அப்பாச்சி கூட வந்தால் மட்டும் கார். நேரே நல்லூர், மாமி வீடு. அப்பாவின் தங்கச்சி அவ. கடிதம் போட்டதில்லை, தந்தி அடித்ததில்லை. படலை திறக்கிற சத்தத்துக்கு மாமி விளக்குமாற்றோடு எட்டிப்பார்ப்பா. "வந்திட்டியளே! நல்லதாப் போச்சு" என்பா. அடுத்த சொல் மாமாவுக்கு: "இஞ்சருங்கோ, பாசையூருக்கு ஒருக்கால் சைக்கிளை விடுங்கோ." பாசையூர்ச் சந்தைக்கு விடிய மீன் வந்துவிடும். மாமா சைக்கிள் கரியரில் பையைக் கட்டும்போதே பின்னேரம் கூழ் என்பது எங்களுக்கு விளங்கிவிடும்.

ஆனால் அன்றைய ஒழுங்கு அப்பாச்சியுடையது. முதலில் கோயில், பிறகு சைவக்கடை, எல்லாம் முடிந்த பிறகுதான் மச்சம். கிணற்றடியில் குளித்து, ஈரத்தலையோடு கந்தசாமி கோயிலுக்கு நடப்போம். அப்பாவும் மற்ற ஆண்களைப்போல வாசலில் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார். பழைய நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621 இல் இடித்தார்கள். இப்போதிருப்பது பதினெட்டாம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில், வேறிடத்தில் எழும்பியது. கோயிற் கல்லெல்லாம் கோட்டைக்குப் போனது என்பது ஊர்ப்பேச்சு. மாமி வீட்டுக்குக் கிட்டத்தான் யமுனா ஏரி, ப வடிவில் வெட்டிய கேணி. யாழ்ப்பாண அரசர் காலத்தது என்பார்கள். நாங்கள் அதில் கல்லெறிந்து தவளை கலைத்திருக்கிறோம்.

காலைச் சாப்பாடு பெரியகடைப் பக்கத்தில், மலாயன் கபேயில். பளிங்குக்கல் பதித்த மேசைகள், கண்ணாடி அலுமாரிக்குள் வடை, சுவரில் சாமிப் படங்கள். வாழையிலையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்குமுன்பே தோசை வந்து விழும், பின்னாலேயே சம்பலும் சாம்பாரும். "இன்னுமொண்டு?" என்று கேட்பவர் பதிலுக்கு நிற்கமாட்டார், வைத்துவிட்டுப் போய்விடுவார். சாப்பிட்டதும் இலையை மடித்துக் கொண்டுபோய், கைகழுவும் இடத்தருகே சுவரிலுள்ள துவாரத்துக்குள் போடவேண்டும். வீட்டில் இலை எடுக்கச் சொன்னால் சிணுங்குகிற நானும் அக்காவும் இங்கே யார் முதலில் போடுவது என்று சண்டை பிடிப்போம்.

அம்மாவும் அக்காவும் புடைவைக் கடைகளுக்குள் போனால் இரண்டு மணித்தியாலத்துக்கு வெளியே வரமாட்டார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கஸ்தூரியார் வீதியில் ஒரு சலூனைக் காட்டி, "உதுக்குள்ளை இருந்துதான் டொமினிக் ஜீவா மல்லிகை நடத்திறார்" என்றார் ஒருமுறை. முடி வெட்டுகிற கடையில் இலக்கியச் சஞ்சிகை என்பது எனக்கு அப்போது ஒரு அதிசயமாகவும் படவில்லை, ரவுணில் எதுவும் நடக்கும். இந்தியச் சஞ்சிகைகள் வருவது குறைந்துபோன காலம். அப்பா சிரித்திரன் வாங்குவார். சவாரித் தம்பரின் படம் எனக்கு, மகுடியார் பதில் அவருக்கு.

பிறகு பொது நூலகம். வெள்ளைக் கட்டடம், மேலே கவிகைமாடம், முன்னால் சரஸ்வதி. 1933 இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பிடம் வளர்ந்து வளர்ந்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த இந்த மண்டபமாக 1959 இல் திறக்கப்பட்டது. அப்பா பத்திரிகை மேசையில் ஈழநாடு விரிப்பார், நான் சிறுவர் பகுதிக்குப் போவேன். வயலில் ஓயாமல் கதைக்கிற மனிதர் அங்கே ஒரு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருப்பதைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். வெளியே வந்தால் கோட்டை. ஐந்து மூலையும் அகழியும் கொண்ட ஒல்லாந்தர் கோட்டைக்குள் 1706 இல் கட்டிய தேவாலயம் இருந்தது. அகழியில் ஆடுகள் மேயும். வெயில் ஏறினால் சுபாஸ் கபேயில் ஐஸ்கிறீம். அது கரைகிற வேகத்துக்குத் தின்னத் தெரியாமல் முழங்கைவரை ஒழுகவிடுவேன்.

மூன்று மணிக்குப் பிறகு மாமி வீட்டு வளவில் கூழ்ப்பானை அடுப்பிலேறியிருக்கும். பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவை மாமி நாங்கள் வந்த கையோடு தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவா. மேலே தெளிகிற நீரை ஊற்றி, புதுநீர் விட்டு, மறுபடி ஊற்றி, கைப்புப் போகும்வரை அது ஒரு வேலை. பெரிய பானையில் ஒருபிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளித் துண்டுகள். அவை அவிந்து வர மீன்தலை, நண்டு, இறால், கணவாய். கடைசியாக ஒடியல் மாவும் பழப்புளிக் கரைசலும் அரைத்த செத்தலும் மஞ்சளும். அந்தச் செத்தல் எங்கள் காணியில் விளைந்தது. அப்பா வருடம் தவறாமல் ஒரு பை கொண்டுவந்து கொடுப்பார், மாமி வருடம் தவறாமல் "எங்கடை மிளகாய் மாதிரி உறைப்பில்லை" என்று சொல்லித்தான் அரைப்பா.

நாலுபேருக்கென்று கூழ் காய்ச்ச ஏலாது. ஒரு நண்டு, ஒரு மீன்தலை, அரைப்பிடி பயற்றங்காய் என்று அளந்து போட்டால் ருசி கூடி வராது. பானை பெரிதாகத்தான் இருக்கவேண்டும், அதனால் ஆட்களும் வேண்டும். மாமி வேலிக்கு மேலால் ஒரு குரல் கொடுத்தால் பக்கத்து வளவுக்காரரும் வந்துவிடுவார்கள். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திய குவளைகளோடு மாமரத்தின் கீழ் வட்டமாக இருப்போம். உறைப்பில் மூக்கு ஓடும், நண்டுக்கால் கடிக்கிற சத்தம் கேட்கும், காணிவழக்கும் கலியாணப் பேச்சும் அரசியலும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும். அப்பாச்சி கோயிலுக்குப் போன அன்று மச்சம் தொடமாட்டா. தள்ளி ஒரு கதிரையில் இருந்து, யார் யாருக்கு இன்னும் ஊற்றவேண்டும் என்று கட்டளை மட்டும் போடுவா. ஐந்து மணிக்குப் பஸ் நிலையம். இ.போ.ச. பஸ்ஸில் ஆனையிறவு வரமுன்னமே எல்லோரும் நித்திரை.

இந்தப் பயணத்தை முதலில் நிறுத்தியது போர் என்று என் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை, மிளகாய் விலை. 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட, வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வந்து குவிந்தன. எங்கள் மூட்டைகளுக்குச் செலவு காசுகூடத் தேறவில்லை. "இந்த வருசம் கிடக்கட்டும்" என்றார் அப்பா. அடுத்த வருசமும் கிடந்தது. 1981 இல் மே முடிந்து ஜூன் பிறந்த அந்த இரவு நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. ஈழநாடு அலுவலகத்தையும் கொளுத்தினார்கள். அதன் பிறகுதான் அந்த மண்டபத்தைப் பற்றி ஆண்டு, தொகை, கட்டியவர் பெயரென்று நாங்கள் பேசத் தொடங்கினோம். அதற்கு முன் எங்களுக்கு அது மின்விசிறி சுழலும் குளிர்ச்சியான ஒரு இடம். 1990 இல் ரயில் நின்றது. அதே ஆண்டு கோட்டை முற்றுகைச் சண்டையில் தேவாலயமும் தரைமட்டமானது.

1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. சில நாட்களின் பின், கிளாலிக் கடலைக் கடந்து, நனைந்த உடுப்போடு மாமியும் மாமாவும் பிள்ளைகளும் உருத்திரபுரத்தில் எங்கள் படலையைத் திறந்தார்கள். கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. "வந்திட்டியளே" என்று அம்மா ஓடிப்போனா. அந்தச் சொல் எத்தனை வருடக் கடன் என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஒருநாள் மாமி கூழ் காய்ச்சிப் பார்த்தா. கடல்மீன் கிடைக்கவில்லை, இரணைமடு மீனைப் போட்டா. "குளத்து மீனுக்கு இது சரிவராது" என்று தானே சொல்லி, தானே சிரித்தா. அடுத்த ஆண்டு கிளிநொச்சியும் எழும்பியது. ஒரு குடும்பமாக இருந்தவர்கள் அந்த ஓட்டத்தில் பல திசைகளாகிப் போனோம். மாமியின் பிள்ளைகள் இப்போது கனடாவிலும் லண்டனிலும்.

இன்று பார்த்தால் பெரியவை எல்லாம் எழும்பித்தான் இருக்கின்றன. நூலகம் திருத்தி 2003 இல் திறந்தாயிற்று. இந்திய உதவியோடு பாதை போட்டு 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் போனது. கோட்டை மதிலை நெதர்லாந்தின் உதவியோடு திருத்தியிருக்கிறார்கள். மலாயன் கபேயில் இலை போடும் துவாரம்கூட இருக்கிறது. ஊருக்கு வந்த பேரப்பிள்ளைகளை வானில் ஏற்றிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டினேன். படமெடுத்தார்கள். பின்னேரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூழ் கேட்டோம். சின்னக் கோப்பையில் வந்தது, நல்லாகவும் இருந்தது. மூத்தவள் குடித்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, இஞ்சை எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

மாமியின் வளவு கைமாறிவிட்டது. சொல்லாமல் போய் இறங்க எனக்கு அந்த ரவுணில் ஒரு படலை இல்லை. எந்த நாட்டு உதவியாலும் திருத்தித் தர முடியாதது அது ஒன்றுதான். ஆனால் எங்கள் வீட்டுக்குப் படலை இருக்கிறது. பாசையூரில் விடிய வாங்கும் நண்டு ஏ-9 வீதியால் வெயில் ஏறமுன்னம் கிளிநொச்சிக்கு வந்துவிடும், ஒடியல் மா கடையிலேயே கிடைக்கிறது, மேட்டுக்காணியில் கொஞ்சம் மிளகாயும் நட்டிருக்கிறேன். குறைவது ஆட்கள்தான். பேரப்பிள்ளைகள் போகமுன்னம் ஒரு பெரிய பானை வைக்கப்போகிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் இறங்கிப் போகலாம். முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.