அருகால் போன காற்று

கல்குடாவில் காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு எப்படியும் எழுபத்தெட்டில்தான் போய் நிற்கும். "அது சூறாவளிக்கு முதல்", "இது சூறாவளிக்குப் புறகு" என்று பிள்ளைகளின் வயதைக் கணக்கிடும் அம்மாமார் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அதன் பின்னர் 1990 வந்தது. பின்னர் 2004 டிசம்பர் 26. அவையும் அதேபோன்ற கணக்குகளாகி விட்டன. இவற்றுக்கு நடுவே ஐந்து நிமிடம் வீசிய ஒரு காற்றைப் பற்றி எழுதுவது சிலருக்குச் சின்ன விடயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் இப்பகுதியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களோடு வேலை செய்பவள். அப்படிப் போய்வரும் வீடுகளில் ஒன்று, ஊரார் "கார் வீடு" என்று சொல்லும் வீடு. அங்கிருக்கும் மாமிக்கு எழுபதை நெருங்குகிறது. (அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்க்கிறேன். வளவின் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.) ஆட்கள் முன்னால் என்னை "மிஸ்" என்பார். தனியே இருந்தால் "மனே".

அந்த வளவில் ஒரு ஒஸ்ரின் ஏ-40 சோமர்செட் கார் முழுதாக நிற்கிறது. ஒரு மொறிஸ் மைனரின் கூடு நிற்கிறது. வேறொரு காரின் பொனட் கோழிக்கூட்டுக்குக் கூரையாகிக் கிடக்கிறது. சோமர்செட் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 1952 முதல் 1954 வரையே செய்யப்பட்ட வகை. 1958இல் நாட்டையே கலக்கிய 'ஸ்ரீ' எழுத்துக்கு முந்திய, ஆங்கில எழுத்துத் தகடு அதற்கு. எழுபதுகளில் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டபோது பழைய கார்களைத் திருத்தித் திருத்தி ஓடுவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த வேலையானது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைசெய்யப்பட்ட யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடின இந்த ஏ-40கள். மாமியின் கணவரும் அந்த மாதிரியான கை உள்ளவர். ஹயருக்கு ஓடினார். எங்காவது ஒரு பழைய கார் கேட்பாரற்று நின்றால் கயிறு கட்டி இழுத்து வந்துவிடுவாராம். "காசு கேட்டா சிரிப்பார். கார் எண்டா உசிர். எனக்குச் சக்களத்தி மூணு பேர்" என்று மாமி சொல்வார்.

ஆனால் அந்த உயிர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1978 நவம்பர் 23 இரவு. மாமி கலியாணம் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதலில் கிடுகு போனது, பிறகு ஓடு போனது, பிறகு சுவர். தென்னைகள் ஒவ்வொன்றாக முறிந்து விழும் சத்தம் வெடிச்சத்தம் போலக் கேட்டதாம். "அப்ப வெடிச்சத்தம் எப்படி இரிக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாது. புறகுதான் தெரிஞ்ச." கிணற்றுக் கட்டோடு நின்ற ஏ-40க்குள் மாமனார், மாமியார், கணவர், தான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் என ஆறு பேர் விடியும்வரை இருந்தார்கள். கார் ஊஞ்சல் மாதிரி ஆடியது, புரளவில்லை. விடிந்து பார்த்தால் வளவில் நிமிர்ந்து நின்றது அது ஒன்றுதான்.

அந்தச் சூறாவளி 900இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. சுமார் இரண்டரை இலட்சம் கட்டிடங்கள் சேதமாயின. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் அழிந்தது என்கிறார்கள். மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒன்று இல்லாமற் போனது. இந்தக் கணக்குகளை நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். ஆறு பேர் ஒரு காருக்குள் இருந்ததை மாமியிடம்தான் படித்தேன்.

1990இல் கணவரைக் கொண்டுபோனார்கள். யார், எங்கே என்பது பற்றி மாமி கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கின்றன. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கார்களின் ரயர், பற்றரி, இருக்கைகள் எதுவும் இல்லை. உடல்கள் மட்டும் கிடந்தன, தூக்கிக்கொண்டு போகப் பாரம் என்பதால். சுனாமித் தண்ணீரும் வந்து மட்கார்ட் வரை நின்று வடிந்தது. ஒவ்வொரு முறையும் மாமி நல்ல தண்ணீர் வார்த்துக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, கிடுகுக் கொட்டில் மாற்றி வந்திருக்கிறார். கார் ஓட்டத் தெரியாத ஒரு பெண், முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு காரைப் பராமரித்து வந்திருக்கிறார் என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள் தோழிகளே.

இனி அந்தக் காற்று. சித்திரை மாதத்து ஒரு பின்நேரம். காலையிலிருந்தே அவியும் வெக்கை. நான் விறாந்தையில் இருந்து சுயதொழில் கடன் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பக்கம் வானம் கறுத்தது. ஒரு இடி இடித்தது. பிறகு லொறி ஒன்று வளவுக்குள் வருவது போன்ற இரைச்சல். எழும்பிப் பார்த்தால், குப்பையும் தகரமும் ஓலையும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு, மேலே கூம்பாக விரிந்த ஒன்று ஒழுங்கைக்கு அப்பால் போகிறது. எங்களுக்கும் அதற்கும் இடையில் ஐம்பது யார்கூட இராது. அது போன பாதையில் இருந்த மூன்று வீடுகளின் கூரைச் சீற்றுகள் கழன்றன. ஒரு மாமரம் வேரோடு சாய்ந்தது. இந்தப் பக்கத்தில் மொறிஸ் மைனரின் கொட்டில் மட்டும் சாய்ந்து படுத்தது. ஏ-40 மேல் ஒரு தென்னோலைகூட விழவில்லை.

மாமி அப்போது விறாந்தையில் இல்லை. ஏ-40க்குள் இருந்தார். பின்கதவைச் சாத்தி, முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு. காற்று போய் அரை மணித்தியாலம் ஆகியும் இறங்கவில்லை. நானும் ஏறிப் பக்கத்தில் இருந்தேன். "புள்ளைகள் ரெண்டும் ஏறிட்டா?" என்று கேட்டார். எந்தப் பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை.

இவ்விடத்தில் சில விளக்கங்கள் அவசியம். பத்திரிகைகள் இதை "மினி சூறாவளி" என்று எழுதும். உண்மையில் இது சூறாவளியின் குட்டியல்ல. சூறாவளி கடலில் உருவாகி, பல நூறு கிலோமீற்றர் அகலத்தில், நாட்கணக்கில் வருவது. வானிலை அவதானிகள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். 2020 டிசம்பரில் 'புரெவி' வருகிறதென்று நாமெல்லாம் பொட்டலம் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். அது எங்களுக்கு வடக்காகக் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா', மழையையும் மண்சரிவையும் கொண்டு மலையகத்தைத்தான் அதிகம் அழித்தது. சுழல்காற்றோ ஒரு இடிமுகிலின் அடியில் பிறக்கிறது. சூடான நிலமும் கடலின் ஈரக்காற்றும் சேர்ந்து முகில் வேகமாக மேலெழும்பும்போது, அதற்குள் காற்று சுழலத் தொடங்கி நிலத்தைத் தொடுகிறது. சில நிமிடங்கள்தான். முன்னறிவித்தல் கிடைப்பது அரிது. சின்னது என்று அலட்சியம் செய்யவும் முடியாது. 1989 ஏப்ரல் 26இல் வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் வீசிய சுழல்காற்று ஏறத்தாழ 1,300 பேரைக் கொன்றது.

ஆகவே, எழுபத்தெட்டில் ஆறு பேரைக் காரொன்று காப்பாற்றியது என்பதற்காக நாமும் வாகனத்துக்குள் ஏறக்கூடாது. சுழல்காற்று வாகனங்களைப் புரட்டிவிடும். சீமெந்துக் கட்டிடத்தின் உள் அறையில், யன்னலுக்குத் தூரமாக, தலையை மூடிக்கொண்டு குந்தியிருப்பதே நல்லது. தென்னைக்குக் கீழும் தகரக் கொட்டிலுக்குள்ளும் நிற்க வேண்டாம். முடிந்த பிறகு அறுந்து கிடக்கும் வயரைத் தொட வேண்டாம். சேதத்தைக் கூட்டித் துப்புரவாக்க முதல் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இவற்றை மாமிக்கும் சொன்னேன். "நீ சொல்லுறது சரி மனே" என்றார். அடுத்த முறையும் அவர் காருக்குள்தான் போவார் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் சேதம் பதிய ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை, வெயிலில் வீடு வீடாக நடந்தவர். மூன்று வீடுகளையும் பதிந்தார். இங்கே வந்து கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "உங்களுக்குச் சேதமில்லை அம்மா, அருகாலதான் போயிருக்கு" என்று எழுதிக்கொண்டு போனார். அவரிடமிருந்த தாளில் அதற்குமேல் இடமில்லை. அதன் பிறகு இரண்டு கிழமைகள் மாமி படுக்கையில் நித்திரை கொள்ளவில்லை. காரின் பின்பக்கம் பாயை விரித்துப் படுத்தார். சோறு சரியாகச் சாப்பிடவில்லை. யுத்தத்திலும் இப்படித்தான் பதிந்தார்கள் என்பதை எங்களில் பலர் அறிவோம். ஷெல் விழுந்த வீடு பதியப்பட்டது. பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுபோன பிள்ளை பதியப்படவில்லை.

இந்தச் செய்தி எப்படிப் போனதோ, கொழும்பிலிருந்து பழைய கார் சேகரிக்கும் ஒருவர் வந்தார். 2020இல் தொடங்கிய வாகன இறக்குமதித் தடைக்குப் பிறகு பழையவற்றுக்கு விலை ஏறிக் கிடக்கிறது. அவர் மரியாதையான மனிதர். ஏ-40ஐச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கதவைத் திறந்து சாத்தி, அந்தச் சத்தத்துக்கே கண் கலங்கினார். சொன்ன விலையில் மாமியின் வீட்டுக்கு நல்ல கூரை போட்டு, மிச்சத்தில் மகளின் கடனையும் தீர்க்கலாம். ஆனால் பதிவுப் புத்தகம் கணவரின் பெயரில். மாற்றுவதென்றால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். தொண்ணூறுகளில் எத்தனையோ பேர் வற்புறுத்தியும், நட்டஈடு வருமென்று ஆசை காட்டியும் மாமி எடுக்காத சான்றிதழ் அது. "காட்டட்டும், எடுக்கிறன்" என்பதுதான் அவருடைய ஒரே பதில்.

2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி இப்போது இன்னொரு வழி இருக்கிறது. காணாமல்போனமைக்கான சான்றிதழ். இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை, காணவில்லை என்று மட்டும் சொல்கிறது. அதைக் கொண்டு உதவித் தொகைகளுக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். விற்பதற்கு அது போதாமல் இருக்கலாம், அதை விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னேன். மாமி பாரத்தை என்னைக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார். "செத்துட்டார் எண்டு எந்த இடத்திலயும் இல்லத்தானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிஸ்கட் ரின்னை எடுத்து வந்தார்.

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம். காருக்காக அல்ல, வளவின் அனுமதிப்பத்திரமும் அவர் பெயரில்தான் இருக்கிறது என்பதற்காக. கொழும்புக்காரர் இதுவரை இரண்டு முறை கோல் எடுத்துவிட்டார். இரண்டாவது முறை மாமி போனை என்னிடம் நீட்டி, "கடிதத்துக்கு மறுமொழி வரட்டும் எண்டு சொல்லு" என்றார். மொறிஸ் மைனரின் கூட்டைக் கேட்டால் கொடுக்கலாமாம். ஐப்பசி மழைக்கு முதல் ஏ-40இன் கொட்டிலுக்குக் கிடுகு மாற்ற வேண்டும். நூறு கிடுகுக்குச் சொல்லி வைத்திருக்கிறது.