எழுதியவர் நின்ற இடம்

தமிழ்ப்பள்ளிகளில் கருத்துணர்தல் பயிற்சி நெடுங்காலமாக ஒரு சடங்கைப் போலவே நடந்து வருகிறது. உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்து, அதன் கீழ் ஐந்தாறு வினாக்களை அமைத்து, இறுதி வினாவாக, “இதனை எழுதியவரின் நோக்கம் யாது?” என்று கேட்பது வழக்கம். மாணவர் பெரும்பாலும் பகுதியின் கடைசி வாக்கியத்தைப் பெயர்த்து எழுதிவிடுவர், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆசிரியர்ப் பயிற்சி வகுப்புகளிலோ இவ்வினாவுக்கு மூன்று விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. செய்தி அறிவித்தல், இணங்கச் செய்தல், மகிழ்வித்தல் ஆகிய மூன்றனுள் கதையல்லாத எந்த எழுத்தும் அடங்கிவிடும் என்று சொல்லிக் கொடுக்கப்படுகிறது. மருந்துப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு இம்முறை பொருந்தலாம். படிப்புக்கு இது போதாது.

பழந்தமிழ் இலக்கண ஆசிரியர்கள் இதைக் காட்டிலும் கூர்மையாக எண்ணிப் பார்த்திருக்கின்றனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் எவ்வெவற்றைச் சொல்ல வேண்டும் என வரையறுக்கிறது. நூலை ஆக்கியவர் யார், அஃது எந்நூலின் வழி வந்தது, எந்நிலப்பரப்பில் வழங்குவது, அதன் பெயர் என்ன, எம்முறையில் தொகுக்கப்பட்டது, எப்பொருளைக் கூறுவது, அதனைக் கேட்டற்குரியவர் யாவர், அதனால் வரும் பயன் என்ன என்பன அவை. இவ்வெட்டுடன் நூல் எழுந்த காலம், அரங்கேறிய களம், எழுதுவதற்கான காரணம் ஆகிய மூன்றனையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு. நன்னூலின் பாயிரமே, சீயகங்கன் என்னும் மன்னன் கேட்டுக்கொண்டதால் அந்நூல் எழுந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. இன்று இப்பகுதி தேர்வுக்காக நெட்டுருச் செய்யப்பட்டுத் தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகிறது. இது படிக்கும் முறை ஒன்றைக் கற்றுத் தருகிறது என்பதை எடுத்துச் சொல்வார் மிகச் சிலரே. உரைநடை நூல்கள் எல்லாவற்றுக்கும் இத்தகைய பாயிரம் வாய்ப்பதில்லை. வாய்க்காத இடத்தில் படிப்பவனே அதனை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுதிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரின் தொடக்க வரலாறு ஒரு நல்ல சான்று. 1819ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் இறுதியில் ஸ்டாம்போர்டு ராபிள்ஸும் வில்லியம் பார்குவாரும் அத்தீவில் கரையிறங்கினர். தெமெங்கோங் அப்துல் ரகுமானும் அவருடைய மக்களும் அங்கே ஏற்கெனவே வாழ்ந்து வந்தனர். பிப்ரவரி 6ஆம் நாள் சுல்தான் ஹூசேனுடனும் தெமெங்கோங்குடனும் உடன்படிக்கை எழுதப்பட்டது. மறுநாளே ராபிள்ஸ் கப்பலேறிவிட்டார். குடியிருப்பைக் கட்டிக் காக்கும் பொறுப்பு 1823ஆம் ஆண்டுவரை பார்குவாரின் கையில் இருந்தது. அவ்வாண்டில் இருவருக்கும் இடையே மூண்ட பகை முற்றிப் பார்குவார் பதவியை இழந்தார். (ராபிள்ஸ் சிங்கப்பூரைக் ‘கண்டுபிடித்தார்’ என்று மாணவர் சிலர் எழுதிவிடுவதுண்டு. நிறுவுதல் வேறு, கண்டுபிடித்தல் வேறு. அந்த ஒரு சொல்லால் தெமெங்கோங்கின் ஊரே காணாமற் போய்விடுகிறது.)

அப்படியாயின் சிங்கப்பூரை நிறுவியவர் யார்? 1830ஆம் ஆண்டு, ராபிள்ஸின் மனைவி சோபியா தம் கணவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். கடிதங்களும் அரசாங்க ஆவணங்களும் நிறைந்த பெரிய நூல் அது. அதனுள் பார்குவாருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அந்நூலைப் படிக்குமுன் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ராபிள்ஸ் 1826ஆம் ஆண்டு இறந்தபொழுது கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அவருக்கும் கணக்கு வழக்குத் தீரவில்லை. 22,000 பவுனுக்கு மேல் அவர் திருப்பித் தரவேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. பிள்ளைகள் பலரைக் கீழைநாட்டுக் காய்ச்சலுக்கும் நோய்க்கும் பறிகொடுத்துத் திரும்பிய பெண்மணி, கணவரின் பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தைத் துடைக்க எழுதிய நூல் அது. அவர் பொய் எழுதினார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எதை முன்னே வைப்பது, எதை ஓரத்தில் ஒதுக்குவது என்பதை அவருடைய நோக்கமே தீர்மானித்துவிட்டது.

நூல் வெளிவந்த அதே ஆண்டிலேயே பார்குவார் மறுப்பு எழுதினார். குடியேற்றத்தை அமைத்ததில் தமக்குப் பெரும் பங்கு உண்டு என்று உரிமை கோரினார். அவர் 1839ஆம் ஆண்டு இறந்தார். ஸ்காட்லாந்தில் பெர்த் நகரில் உள்ள அவருடைய கல்லறை, சிங்கப்பூரை நிறுவியவர் அவரே என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கல்லறை எழுத்தும் ஒருவகை உரைநடைதான். அதனை எழுதியவர் உறவினர், படிப்பவர் வழிப்போக்கர், மறுத்துப் பேச எதிரியும் அங்கே இல்லை.

இவ்விருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் முன்னோருள் ஏமன் நாட்டு அராபியரும் நாகூர்த் தமிழ்ப் பெண்மணியும் உண்டு. மலாக்கா வணிகர் வழக்கப்படி இளமையில் தமிழும் கணக்கும் கற்றவர். மலாய் மொழியில் வல்லவராகி, ராபிள்ஸிடம் எழுத்தராகவும், பின்னர் வெள்ளையர் பலருக்கு மலாய் கற்பிக்கும் ஆசிரியராகவும் விளங்கியவர். அவர் எழுதிய ‘ஹிக்காயாட் அப்துல்லா’ 1843ஆம் ஆண்டு எழுதி முடிக்கப்பட்டு, 1849ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. மலாய் மொழியில் ஒரு தனிமனிதர் தம் வாழ்வைத் தாமே எழுதிய நூல்களுள் முன்னோடியாக அதனைப் போற்றுவர்.

1819ஆம் ஆண்டு நிகழ்ச்சியை அப்துல்லா எப்படிச் சொல்கிறார்? பார்குவார் முதலில் கரையிறங்கியதாகவும், ராபிள்ஸ் பின்னர் வந்து சேர்ந்ததாகவும் அவருடைய கதை செல்கிறது. ஆவணங்களோ இருவரும் உடனிருந்ததைக் காட்டுகின்றன. ராபிள்ஸைப் பெரிதும் போற்றிய ஒருவர் அவருடைய புகழைக் குறைக்க எண்ணியிருப்பாரா? இல்லை. அன்றைய நாளில் அப்துல்லா மலாக்காவில் இருந்தார். சிங்கப்பூரில் நடந்ததைப் பிறர் வாய்ச்சொல்லாகவே கேட்டார். அந்த மலாக்காவிலோ பார்குவார் பல ஆண்டுகள் ஆட்சி செய்து மக்களிடையே நற்பெயர் ஈட்டியிருந்தார். பேச்சு எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரின் மணம் அதில் வீசத்தானே செய்யும்? ஆகவே, அந்த ஓர் இடத்தில் அப்துல்லாவைக் கண்கண்ட சான்றாகக் கொள்ளுதல் தவறு. அதே நூலில், பார்குவார் 1807ஆம் ஆண்டு மலாக்காக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்ததை அவர் விவரிக்கும் பகுதியோ அவ்வூர்ச் சிறுவன் ஒருவனின் நினைவு. ஒரே ஆசிரியர், ஒரே நூல். ஆனால் இரண்டு இடங்களில் அவர் நின்று பேசும் நிலம் வேறு வேறு.

அப்துல்லாவின் நோக்கத்தைத் தேடுவோர்க்கு நூலே ஒரு குறிப்பைத் தந்துவிடுகிறது. நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் எழுதத் தொடங்கியதாக அவர் கூறுகிறார். அந்நண்பர் ஆல்பிரட் நார்த் என்னும் அமெரிக்கப் பாதிரியார் ஆவார். சீயகங்கனைப் போல இவரும் ஒரு ‘காரணம்’. வெள்ளையர் கேட்க, வெள்ளையரிடம் ஊதியம் பெற்று வாழ்ந்த ஒருவர் எழுதியதாயிற்றே, அதில் ஆங்கிலேயர் புகழ்பாடுவது தவிர வேறென்ன இருக்கும் என்று ஒதுக்குவோரும் உள்ளனர். மலாய் மன்னர்களை அவர் கடுமையாகக் குறை கூறுவதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். அவ்வாறு ஒதுக்குவது நோக்கமறிந்து படிப்பதாகாது. படிப்பிலிருந்து தப்பித்துக் கொள்வதாகும். ஆங்கிலேயரே ஆயினும் ஜான் கிராபர்டின் பொறுமையின்மையையும் பொருளாசையையும் அப்துல்லா மறைக்கவில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த பழைய எழுத்துப்பாறையை 1843ஆம் ஆண்டு வெடிவைத்து உடைத்ததை வெளிப்படையாகவே கண்டித்திருக்கிறார்.

அப்பாறையைப் பற்றி அவர் எழுதியிருப்பது நின்று நிதானித்துப் படிக்கத்தக்கது. பாறை முழுவதும் எழுத்துகள் இருந்தன. படிக்கத்தான் எவராலும் இயலவில்லை. பார்க்க வந்த இந்துக்கள் அஃது இந்து எழுத்து என்றனர். சீனர் அது சீன எழுத்து என்றனர். அப்துல்லாவும் ராபிள்ஸுடன் சென்று பார்த்தார். அவர் கண்ணுக்கு அது அரபு எழுத்தின் சாயலாகத் தோன்றியது. பிறர் தத்தம் எழுத்தைக் கண்டதைச் சொன்னவர், தாம் கண்டதையும் அவ்வரிசையிலேயே வைத்துவிட்டார். கண்ணோட்டம் என்பது என்ன என்று விளக்க ஓர் ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசலாம். இப்பகுதியைப் படித்துக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தாலும் போதும். அப்பாறையின் உடைந்த துண்டு ஒன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்து இன்றளவும் உறுதியாகப் படிக்கப்படவில்லை.

வெள்ளையரும் முன்ஷியும் எழுதியவற்றில் இத்துணை நுணுக்கம் எதற்கு, தோட்டப்புற மாணவனுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். அவனுடைய பாட்டன் பூட்டனைப் பற்றியும் பிறர்தாம் எழுதியிருக்கின்றனர் என்பதே விடை. இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, 1937ஆம் ஆண்டு அறிக்கை அளித்தார். உலகப் பொருளாதார மந்தத்தின்பொழுது குறைக்கப்பட்ட கூலியை உயர்த்தி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்னும் 1928ஆம் ஆண்டு நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடுக்கக் காரணமில்லை என்றும் எழுதினார். மலாயா இந்தியருள் பலர் இவ்வறிக்கையால் ஏமாற்றம் அடைந்தனர். 1938ஆம் ஆண்டு இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது.

சாஸ்திரியார் நேர்மையான மனிதர், மிதவாதி. ஆள் அனுப்பலாமா, கூடாதா என்னும் வினாவுக்கு விடை தேடி வந்தவர். அவ்வினாவுக்குத் தாய்நாட்டுச் சிற்றூரின் வறுமை ஓர் அளவுகோலாக எப்பொழுதும் பக்கத்தில் நிற்கும். இங்கேயே பிறந்து வளர்ந்து, இந்நாட்டில் தனக்கு என்ன இடம் என்று கேட்டவனுக்கோ அந்த அளவுகோல் பயன்படாது. எனவே, அறிக்கையில் உள்ள கூலிக் கணக்கைச் சரியென்று ஏற்றுக்கொண்டே, அது யாருடைய வினாவுக்குரிய விடை என்று கேட்க ஒரு மாணவன் பழக வேண்டும். அவ்வாறு பழகாதவன் இரண்டில் ஒன்றைச் செய்வான்: அச்சிட்டதையெல்லாம் நம்பித் தன் முன்னோர் நிறைவாகவே வாழ்ந்தனர் என்பான், அல்லது எல்லாம் பொய் என்று நூலை மூடிவிடுவான். முன்னதைக் காட்டிலும் பின்னதே கேடு அதிகம் விளைப்பது. நம்பிக் கெட்டவன் என்றேனும் ஒருநாள் வேறொரு நூலைப் படித்துத் திருந்தக்கூடும்.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு ஆசிரியை ஒருவர் இதனை வேறு வழியில் செய்து பார்த்தார். தோட்டம் விற்கப்பட்டு, லயன் வீடுகளைக் காலி செய்த நாளைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வருமாறு மாணவரிடம் சொன்னார். பக்கத்தின் தலைப்பில், சொன்னவர் யார், அன்று அவர் எங்கே இருந்தார், எழுதுவதன் காரணம் என்ன என்பவற்றையும் குறிக்கச் சொன்னார். பாயிரம் என்ற பெயரை மட்டும் சொல்லவில்லை.

பால்மரம் வெட்டிய பாட்டியிடம் கேட்டு வந்த மாணவி, “எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள், அடுப்பில் சோறு கொதித்துக் கொண்டிருந்தது” என்று எழுதியிருந்தாள். கிராணியாக இருந்த தாத்தாவிடம் கேட்டு வந்த மாணவன், “தொழிலாளர்கள் புதிய குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர்” என்று எழுதியிருந்தான். இரண்டையும் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் சண்டை மூண்டது. எது சரி என்று கேட்டவர்களுக்கு ஆசிரியை விடை கூறவில்லை. ‘அனுப்பிவிட்டார்கள்’ என்னும் சொல்லில் ஆட்கள் தெரிகிறார்களா, ‘மாற்றப்பட்டனர்’ என்னும் சொல்லில் மாற்றியவர் தெரிகிறாரா என்று மட்டும் கேட்டார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அந்த மாணவனே எழுந்து, தாத்தா அன்று அலுவலகத்தில் கணக்குப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார், சோறு கொதித்ததை அவர் பார்த்திருக்க மாட்டார் என்றான். உடனே மாணவியும், பாட்டிக்குப் புதிய வீடு கிடைத்தது உண்மைதான், அதைச் சொல்ல மறந்துவிட்டார் என்றாள்.

தாள்களைத் திருத்த எடுத்துச் சென்ற ஆசிரியை, ‘காரணம்’ என்னும் இடத்தில் பதினேழு பேர் ஒரே விடையை எழுதியிருக்கக் கண்டார்: “டீச்சர் கேட்டதால்.”